டோசிக் வாங்கிய மூன்று கம்பிகள்

குளியலறை வாசலில் மல்லாந்து கிடந்தார் மேங் டோசிக். அவர் நெஞ்சின் மேல் ஓர் இரும்புக் கம்பி கிடந்தது. கதவு நிலையின் இரு பக்கமும் முட்டுக்கொடுத்து, முறுக்கி இறுக்கிவிட்டு, தொங்கி உடற்பயிற்சி செய்வதற்கான கம்பி. 'நூறு கிலோ தாங்கும்' என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. டோசிக்கின் எடை எழுபத்தெட்டு. மிச்சம் இருபத்திரண்டு கிலோ எங்கே போயிற்று என்று யாரைக் கேட்பது?

"ஏங்க, என்ன சத்தம் அது?" சமையலறையிலிருந்து மனைவி யூஜோங் குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. செருப்பு வழுக்கிடுச்சு."

"செருப்பு வழுக்கினா வீடே ஏன் அதிருது?"

யூஜோங் கரண்டியோடு வந்து நின்றாள். நிலையின் இரண்டு பக்கமும் கம்பி பதிந்த இடத்தில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அவள் பள்ளத்தைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், கடைசியாகக் கணவனைப் பார்த்தாள்.

"பேசாம புள்ளகிட்ட உண்மையச் சொல்லிடுங்க."

"சொல்றேன். ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு சொல்றேன்."

எல்லாம் பத்து நாளுக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த வினை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் நாரேயின் டீச்சர், 'என் அப்பா' என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார்.

"அப்பா, நீ பட்டாளத்துல என்ன பண்ண?"

கொரியாவில் ஆணாகப் பிறந்த எல்லோரும் ஒன்றரை, இரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வருவார்கள். வந்தபின் நாற்பது வருடம் அதைப் பற்றிப் பேசுவார்கள். கேட்கிறவர்கள் எல்லையில் பனியில் காவல் நின்ற கதையைத்தான் எதிர்பார்ப்பார்கள். டோசிக் பார்த்த வேலையோ பட்டாளத்துச் சமையல்கட்டில் சூப் கிண்டுவது. அதை மகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"புல்-அப்ஸ் எடுத்தேன். ஒரே மூச்சுல இருபது."

நாரேயின் கண் விரிந்த விதத்தில், சொன்ன பொய்யைத் திரும்ப எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அவளோ அதை எழுதினாள், வகுப்பில் வாசித்தாள், கைதட்டலும் வாங்கினாள். அதோடு விட்டாளா? குடியிருப்பின் இலையுதிர்கால விழாவுக்கான அறிவிப்பு லிஃப்டில் ஒட்டியிருந்தது. அதில் 'புல்-அப்ஸ் போட்டி, கட்டடத்துக்கு ஒருவர்' என்று இருந்த இடத்தில், ஆரஞ்சுக் கலர் கிரேயானால் 'மேங் டோசிக், 1204, என் அப்பா' என்று எழுதிவிட்டு வந்துவிட்டாள்.

விழாவுக்கு எட்டு வாரம் இருந்தது. டோசிக்குக்கு வயது நாற்பத்து மூன்று. தண்ணீர் சுத்திகரிக்கும் ஃபில்டர் கம்பெனியில் பிரிவு மேலாளர். பேனாவைவிடக் கனமாக எதையும் தூக்கிப் பல காலம் ஆகிறது. விளையாட்டுத் திடலில் கம்பி ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஐந்து கட்டடத்துப் பால்கனிகளும் அதைப் பார்த்தபடிதான் இருந்தன. அங்கே போய்ப் பழகினால் பழகுகிற அழகை டேஜோன் நகரமே பார்த்துவிடும். அதனால்தான் வீட்டுக்குள் கம்பி.

முதல் கம்பி தோற்றதும், டோசிக் இரண்டாவதை ரொம்ப யோசித்து வாங்கினார். மூன்று நாள் மதிய இடைவேளை பூராவும் செல்போனில் கம்பிகளாகப் பார்த்தார். இது முட்டுக்கொடுக்கும் ரகம் இல்லை. கதவு நிலையின் மேல்சட்டத்தில் கொக்கி போல் மாட்டி, நம் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும் ரகம். இதில் வழுக்க வழியே இல்லை.

உண்மையிலேயே வழுக்கவில்லை. கம்பி சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. சட்டம்தான் சுவரை விட்டுவிட்டது. அது வெறும் அலங்காரப் பட்டை, பசை போட்டு ஒட்டியது என்பது அன்றுதான் தெரிந்தது. டோசிக், கம்பி, சட்டம் மூவரும் ஒற்றுமையாகக் கீழே வந்தார்கள்.

"இன்னும் எத்தனை வாசல் பாக்கி இருக்கு?" என்றாள் யூஜோங்.

"இனிமே வாசலே வேண்டாம். தனியா நிக்கிற கம்பியா பாத்துக்கலாம்."

புதிது வாங்கினால் மனைவி வீட்டைவிட்டே அனுப்பிவிடுவாள். அக்கம்பக்கத்தார் பழைய சாமான் விற்கும் செயலியில் தேடினார். கூப்பிடு தூரத்திலேயே கிடைத்தது. சொன்ன நேரத்துக்கு அடுத்த குடியிருப்பின் வாசலில், அவர் வயதுக்காரர் ஒருவர் கம்பி ஸ்டாண்டோடு நின்றிருந்தார். பெண்டாட்டி விற்றதைப் புருஷன் கொண்டுவந்து கொடுப்பதுதான் அங்கே வழக்கம்.

"நல்லா தாங்குமா?" டோசிக் கேட்டார்.

"அதெல்லாம் பிரமாதமா தாங்கும். நனைஞ்ச ஜீன்ஸ் எட்டு போட்டோம், அசையல."

"இல்ல, நீங்க தொங்கியிருக்கீங்களா?"

"நானா?" அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வாங்குன அன்னைக்கு ஒரு தடவை. நமக்கு முன்னாடி வச்சிருந்தவரும் துணிதான் காயப்போட்டாராம். அவருக்கு வித்தவரு முள்ளங்கித் தழை காயப்போட்டாராம். இது மூணு வீடு பாத்த கம்பி சார்." பிறகு டோசிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்களாவது ஜெயிங்க."

ஸ்டாண்டை லிஃப்டில் ஏற்றக் கட்டடத்துக் காவலர் போங் கைகொடுத்தார். அறுபது வயது, சுறுசுறுப்பான மனுஷர். பார்சலா, குப்பையா, பக்கத்து வீட்டுச் சண்டையா, எதுவும் அவர் கையைத் தாண்டித்தான் போகும்.

"1204 சார், இது எதுக்கு?"

"புல்-அப்ஸ் எடுக்க, அண்ணே."

"அடேயப்பா!" என்றார் போங். அந்த அடேயப்பாவை டோசிக் பன்னிரண்டாம் மாடி வரை அனுபவித்துக்கொண்டே போனார்.

கம்பி என்றால் அதுவல்லவா கம்பி! கூடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு டோசிக் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான்கு காலும் தரையில் நச்சென்று உட்கார்ந்திருந்தன. கைப்பிடி உள்ளங்கைக்குள் அளவெடுத்தாற்போல் அடங்கியது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. மூன்று வீட்டு ஈரத்துணியும் தழையும் அதை ஒன்றும் செய்துவிடவில்லை. குறை கம்பியில் இல்லை, இதுவரை அதன் கீழே வந்து நின்றவர்களிடம்தான் என்று தோன்றியது. நான்காவது ஆளாக நின்றவர் தொங்கிப் பார்த்தார். உடம்பு ஒரு விரல்கடை கூட மேலே போகவில்லை.

ஏதோ ஒரு உடற்பயிற்சிக் குறிப்பில் படித்தார்: இழுத்து ஏற முடியாதவர்கள் எம்பிக் குதித்துத் தாடையைக் கம்பிக்கு மேலே கொண்டுபோக வேண்டும், அங்கிருந்து மெதுவாக இறங்க வேண்டும், தினமும் முப்பது தடவை செய்தால் கைக்கு வலு வரும். டோசிக் எம்பினார். தாடை மேலே போனது. இறங்குகிற கட்டத்தில் 'மெதுவாக' என்பதைக் கை ஒப்புக்கொள்ளவில்லை. தொம்மென்று விழுந்தார். எழுந்தார், எம்பினார், தொம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து முப்பது தொம்.

ஐந்தாம் நாள் மாலை சுவரிலிருந்த இன்டர்காம் அலறியது. காவலர் போங்தான்.

"1204 சார், உங்க கீழ் வீடு, 1104 குவாக் ஐயா, காலையில மேல என்ன சத்தம்னு கேட்டாரு. உங்க புல்-அப்ஸ் விஷயத்தைச் சொன்னேன். டக்குன்னு வச்சுட்டாரு."

யூஜோங்கின் முகம் வெளிறியது. அந்த ஊரில் மேல் வீட்டுச் சத்தத்துக்காகப் போலீஸ் வரை போனவர்கள் உண்டு. "மொதல்ல கீழ போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க" என்று ஒரு பெட்டி மாண்டரின் ஆரஞ்சைக் கையில் திணித்து அனுப்பினாள்.

1104-இன் கதவு திறந்தது. குவாக்குக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். தலைக்கும் தோளுக்கும் நடுவே கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. இரண்டு காதும் கசக்கிய காகிதம் மாதிரி இருந்தன. பல நாள் தாடி. பின்னால் வீடு இருட்டாக இருந்தது, திரைச்சீலை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. டோசிக் இடுப்பு வரை வளைந்து குனிந்தார்.

"மன்னிச்சிடுங்க ஐயா. மேல் வீடு. காலையில ஆறு மணிக்கு வர்ற அந்தச் சத்தம்..."

"முப்பது" என்றார் குவாக்.

"என்னங்க?"

"எண்ணினேன். அஞ்சு நாளா. தினமும் முப்பது. ஒருநாள்கூடக் குறையல." ஆரஞ்சுப் பெட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு அவரும் குனிந்தார், டோசிக் குனிந்ததைவிட ஒரு பங்கு அதிகமாகவே. "நிறுத்திடாதீங்க."

கதவு சாத்திக்கொண்டது.

லிஃப்டுக்குள் போன பிறகுதான் டோசிக்குக்கு உறைத்தது. அடப்பாவமே! மனுஷர் இதை முப்பது புல்-அப்ஸ் என்று நினைத்துவிட்டார்!

மறுநாள் காலை, லிஃப்டில் ஏறிய 903 அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "முப்பதாமே! கோட்டுக்குள்ள ஒண்ணுமே தெரியல" என்று சொல்லி, அனுமதி கேட்காமல் புஜத்தை ஒரு விரலால் அழுத்தியும் பார்த்தாள். ஆறாம் மாடிக் கல்லூரி மாணவன் இயர்போனைக் கழற்றிவிட்டு வணக்கம் வைத்தான். கீழே காவலர் போங் விறைப்பாக நின்று பட்டாளத்துச் சல்யூட் அடித்தார். குவாக்கிடம் எண்ணிக்கை கேட்டுச் செய்தியைப் பரப்பியது யார் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

டோசிக் மறுத்திருக்கலாம். மறுக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் ஒரு மனுஷனைப் பார்த்துக் கட்டடமே வியக்கும்போது, அவன் நெஞ்சு தன்னாலேயே கொஞ்சம் நிமிர்கிறது. நிமிர்ந்த நெஞ்சை வைத்துக்கொண்டு உண்மை பேசுவது சிரமம்.

சாயங்காலம் நாரே பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தாள். "அப்பா! இருபதுன்னு சொன்ன, முப்பதாம்ல! டீச்சர்கிட்ட சொல்லித் திருத்திட்டேன்!"

"நல்ல காரியம் பண்ண" என்றார் டோசிக், ஈனசுவரத்தில்.

அந்தச் சத்தத்தைத் தொடரவிட யூஜோங்குக்கு மனம் ஒப்பவில்லை. கீழ் வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய மனசு படைத்தவராக இருந்தாலும் அது சத்தம்தானே? கனமான பஞ்சு மெத்தைப் பாய்கள் வாங்கி, கம்பிக்குக் கீழே இரண்டு அடுக்காக விரித்தாள். சத்தம் அடியோடு நின்றது. ஆனால் தரை ஒரு சாண் உயர்ந்துவிட்டதால் டோசிக்கால் தொங்க முடியவில்லை. முழங்காலை மடக்கினாலும் பாய் முட்டியது. கம்பியை உயர்த்தினால் தலை கூரையில் இடித்தது. இரண்டு நாள் தவளை மாதிரி மடங்கித் தொங்கினார்.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் குவாக். தாடி அப்படியே இருந்தது, முகம் சோர்ந்திருந்தது.

"உடம்புக்கு முடியலையா?"

"நல்லா இருக்கேன் ஐயா. ஏன்?"

"ரெண்டு நாளா சத்தமே இல்ல." தாடியைச் சொறிந்துகொண்டார். "அது கேக்காம எனக்கு எந்திரிக்கவே தோணல." சொன்னது வெட்கமாகிவிட்டதோ என்னவோ, சட்டென்று திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று காவலர் போங்கிடம் விசாரித்தார் டோசிக்.

"அவரா? பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தாராம். வேலையிலிருந்து ஓய்வு, அதே மாசம் சம்சாரமும் தவறிட்டாங்க. வசந்த காலத்துலேருந்து ஆளு கீழயே இறங்கல சார். குப்பை பிரிக்கிற நாள்லகூட வரமாட்டாரு, நான்தான் மேல போய் எடுத்துட்டு வருவேன். இப்ப உங்க புண்ணியத்துல ஒரு வாரமா ஆறரைக்கு டாண்ணு இறங்கி, திடலைச் சுத்தி நடக்கிறாரு. நேத்தும் முந்தாநேத்தும்தான் காணோம்."

தன் பொய் ஒன்று ஒரு மனுஷனைப் படுக்கையிலிருந்து எழுப்பிக்கொண்டிருக்கிறது. இனி அதை எப்படி உடைப்பது? வீட்டுக்குப் போய்ப் பாய்களைச் சுருட்டினார். யூஜோங் மறுமுனையைப் பிடித்துச் சுருட்டினாள்.

அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் விடவில்லை. தோள் வலித்தபோதும் முப்பது. ஆபீஸ் விருந்தில் குடித்துவிட்டு வந்த மறுநாளும் முப்பது. உள்ளங்கையில் காய்ப்பு ஏறியது. விழுவதற்கு முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நேரம் வரை கை தாங்கத் தொடங்கியது. யூஜோங் ஒருமுறை தண்ணீர் கொண்டுவந்தவள் அப்படியே நின்று பார்த்தாள். "சூப் கிண்டுனவருதானே நீங்க?" என்றாள். குரலில் கேலி கொஞ்சம்தான் இருந்தது.

ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை இடித்தது. அன்று ஆபீஸ் வேலையாக விடிவதற்கு முன்பே பூசான் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

"நீ கொஞ்சம் குதிச்சிடேன்" என்றார் மனைவியிடம்.

"நானா? என் முழங்கால் என்னத்துக்கு ஆகும்?"

அதற்கு அவளே வழி கண்டுபிடித்தாள். ஆறு மணிக்கு, இருபது கிலோ அரிசி மூட்டையை நாற்காலி மேல் ஏற்றித் தள்ளினாள். தூக்கி ஏற்றினாள், மறுபடி தள்ளினாள். இரவு வீடு திரும்பிய டோசிக்கை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணம் பண்ணும்போது எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லல. இருபத்தஞ்சுக்கு மேல எண்ணிக்கை குழம்பிடுச்சு. குறையக் கூடாதேன்னு ரெண்டு சேத்தே போட்டேன். அரிசி பூரா நொய்யாயிடுச்சு, இந்த வாரம் மூணு வேளையும் கஞ்சிதான்."

விழா நாள் வந்தது. திடலில் கூடாரம் போட்டிருந்தார்கள். இரும்புத் தட்டில் பச்சை வெங்காய அடை பொரிந்துகொண்டிருந்தது. மகளிர் சங்கத் தலைவி மைக்கைப் பிடித்திருந்தாள். முதல் பரிசு மின்சார ரைஸ் குக்கர். கலந்துகொள்கிற எல்லோருக்கும் டாய்லெட் பேப்பர் கட்டு, முப்பது சுருள்.

103-ஆம் கட்டடத்துத் தீயணைப்பு வீரர் பதினான்கு எடுத்தார். 105-இன் மாணவன் ஒன்பது எடுத்தான்.

"அடுத்து 107-ஆம் கட்டடம்! எல்லாரும் காத்திருக்கிற நம்ம முப்பது!" என்று கூவினாள் தலைவி.

கூட்டம் கைதட்டியது. நாரே முன்வரிசையில், தோழிகள் நால்வர் சூழ நின்றாள். பின்னால் ஒரு மரத்தடியில், சுத்தமாகச் சவரம் செய்த முகத்தோடு குவாக். டோசிக் கம்பிக்குக் கீழே போய் நின்றார். இன்றுவரை அவர் ஒரு முழுப் புல்-அப்ஸ் எடுத்ததில்லை.

எட்டிக் கம்பியைப் பிடித்தார். குதிக்கவில்லை. கையை நீட்டித் தொங்கினார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். முதுகில் இத்தனை காலமும் இருந்ததே தெரியாத ஏதோ ஒரு சதை விழித்துக்கொண்டது. உடம்பு கிளம்பியது. முழங்கை மடங்கியது. காது கும்மென்று அடைத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, பல் நறநறத்தது. கண்ணைத் திறந்தபோது கம்பி தாடைக்குக் கீழே இருந்தது.

"ஒண்ணு!" என்று கத்தினார் டோசிக்.

"ஒண்ணு!" என்றது மைக்.

நாற்பத்து மூன்று வருட வாழ்க்கையில் அவர் எடுத்த முதல் புல்-அப்ஸ் அது. அழகான, முழுசான, திருட்டில்லாத ஒன்று. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கூட்டமோ இரண்டுக்காகக் காத்திருந்தது. இரண்டுக்கு முயன்றார். பாதி வழியில் உடம்பெல்லாம் உதறியது. தொம்.

டோசிக் மகளின் முன் போய் மண்டியிட்டார்.

"நாரே, அப்பா பொய் சொல்லிட்டேன். பட்டாளத்துல நான் சமையல்காரன். சூப்தான் கிண்டுனேன். இருபதும் எடுக்கல, முப்பதும் எடுக்கல. இப்ப எடுத்தேனே, அதுதான் முதல் தடவை."

நாரே நீண்ட நேரம் யோசித்தாள். தோழிகளும் சேர்ந்து யோசித்தார்கள்.

"எத்தனை பேருக்கு சூப்?"

"இருநூறு பேருக்கு."

"இருநூறா!" தோழிகள் வாயைப் பிளந்தார்கள். "நல்லா இருக்குமா?"

"உப்புதான் ஜாஸ்தின்னு சொல்லுவாங்க."

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா இதையே எழுதியிருப்பேன்ல" என்று சலித்துக்கொண்டு, அப்பாவின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பி, அதிலிருந்த காய்ப்புகளைத் தோழிகளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினாள்.

டோசிக்குக்கு மூச்சு வந்தது. ஆனால் பெரிய கடன் ஒன்று மிச்சம் இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு குவாக் வந்துகொண்டிருந்தார். டாய்லெட் பேப்பர் கட்டை இடுக்கியபடியே டோசிக் இடுப்பு வரை குனிந்தார்.

"ஐயா, உங்களைத்தான் ரொம்ப ஏமாத்திட்டேன். தினமும் முப்பது எடுக்கிறேன்னு நம்பித்தான் நீங்க..."

குவாக் சிரித்தார். அந்த முகம் சிரித்துக் காவலர் போங்கே பார்த்ததில்லை.

"நாரே அப்பா, முப்பது எடுக்கிறவன் கடைசியில ஒரே ஒரு தடவைதான் கீழ குதிப்பான். நாப்பது வருஷம் பசங்களுக்கு ஜூடோ சொல்லிக்குடுத்தவன் நான், ஆள் விழற சத்தம் எனக்குத் தெரியாதா? தினமும் முப்பது தடவை விழுந்துட்டு மறுநாளும் ஏறுறானே ஒருத்தன், நமக்கென்னன்னு படுத்துக் கிடக்கோமேன்னுதான் எந்திரிச்சேன்" என்றவர், யூஜோங்கைப் பார்த்துப் பணிவாகத் தலை வணங்கினார். "அந்தச் செவ்வாய்க்கிழமை முப்பத்திரண்டை மட்டும் கணக்குல சேக்கலம்மா, அது அரிசி மூட்டை."